அடகுக்குப் போகாத நகை

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால் இரண்டு வகை நகைக் கடைகள் மாறி மாறி வரும். ஒருவகைக் கடையில் காவலாளி நிற்பார், இரும்புக் கதவு இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு நகையிலும் நூலில் கட்டிய சின்ன அட்டை தொங்கும். அதில் எடை எழுதியிருக்கும், விலை இருக்காது. விலையை அன்றைய கிராம் கணக்கு சொல்லும். இன்னொரு வகைக் கடை தெருவோரத்திலேயே தொடங்கிவிடும். அட்டிகையும் ஆரமும் ஜிமிக்கியும் ஒட்டியாணமும் வெல்வெட் அட்டைகளில் குத்தப்பட்டுத் தலைக்கு மேலே தொங்கும். ஒவ்வொன்றிலும் விலை எழுதியிருக்கும், எடை இருக்காது. முதல் கடையில் இருப்பது நகை. இரண்டாவதில் இருப்பது கவரிங். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் இதே இரட்டைதான். மலேசியத் தமிழில் மலிவான அணிகலனுக்கு இன்று வழங்கும் பெயர்களில் கவரிங்கைப் போல ஒரே சொல்லில் பொருளையும் இளக்காரத்தையும் சேர்த்துச் சொல்வது வேறொன்று இல்லை. அந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது? சொல்லில் அது இல்லை, செம்பிலும் இல்லை. அடகுக் கடையில்தான் பிறந்தது என்பது என் கட்சி. நகைக்கும் கவரிங்குக்கும் நடுவே கோடு போட்டது கண் அன்று, தராசு. அந்தத் தராசு அவ்வளவு முக்கியமாகிப் போனதற்கு மலாயாத் தோட்டத்து வாழ்க்கை ஒரு பெரிய காரணம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் வசை எதுவும் இல்லை. செம்பிலோ பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த உருவின் மேல் பொன்னைப் போர்த்துவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் அது. பட்டறையில் வேலையின் பெயராக இருந்தது பிறகு பொருளின் பெயராயிற்று. ஆங்கிலேயர்கள் தங்கள் பேச்சில் மலிவு நகையை அப்படி அழைப்பதில்லை. ஆங்கிலச் சொல்லை எடுத்து நகையாக்கியது நம் பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும்தான். சிதம்பரம் கவரிங் என்று ஊர்ப்பெயரையும் சேர்த்துப் பெருமையாகவே விற்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் வழங்கிய பெயர்களும் அப்படித்தான். முலாம் உருது வழியாக வந்தது, அதன் அரபு வேருக்கு மினுக்கம் என்பதே பொருள். கில்ட்டு ஆங்கிலம், பொன் பூசியது. ரோல்டு கோல்டு, உலோகத்தின் மேல் பொன் தகட்டை வைத்து உருளையில் அழுத்தி ஒட்டும் முறை. ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை ஒட்டிய சிலகலபூடி அந்தப் பெயரால்தான் பிழைத்தது. எல்லாமே செய்முறைப் பெயர்கள். இவற்றில் எதுவும் போலி என்றோ ஏமாற்று என்றோ சொல்லவில்லை. கவரிங் என்பது கண்ணைக் ‘கவரும்’ என்ற தமிழ் வினையிலிருந்து வந்தது என்றும், வளையல் விற்ற கவரைச் செட்டிகளின் பெயரிலிருந்து வந்தது என்றும் சொல்லிப் பார்க்க ஆசை வரும். ஓசை ஒத்துப்போவது தவிர இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. அந்த ‘இங்’ விகுதி தன் ஊரைத் தானே சொல்லிவிடுகிறது.

செய்முறைப் பெயர் வசைப்பெயராக மாறுவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. லண்டனில் கிறிஸ்டோபர் பின்ச்பெக் என்ற கடிகாரக்காரர் இருந்தார், 1732இல் இறந்தார். செம்பும் துத்தநாகமும் கலந்து பொன்னைப் போலவே தோன்றும் ஒரு கலவையை அவர் உருவாக்கினார். அவர் பெயராலேயே அந்த உலோகமும் அதில் செய்த நகையும் வழங்கின. வழிப்பறிக்கு அஞ்சிய பயணிகள் மரியாதையாகவே அதை அணிந்தார்கள். பிறகு அந்தப் பெயர் ஆங்கிலத்தில் போலி என்பதற்கே மறுபெயராயிற்று. 1854இல் பிரிட்டனில் 9 காரட் வரையிலான குறைந்த தரத் தங்கத்துக்குச் சட்டம் இடம் கொடுத்ததும் அந்தக் கலவையின் சந்தையே படுத்துவிட்டது. மலிவான, ஆனால் தங்கம்தான் என்று முத்திரை குத்திய ஒன்று கிடைத்த பிறகு, தங்கமே இல்லாத ஒன்றுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? பார்வைக்குப் பின்ச்பெக் மாறவே இல்லை. அதன் பக்கத்தில் வந்து நின்ற பொருள் மாறியது.

தமிழின் பழைய அணிகலச் சொற்களைப் பார்த்தால், மலிவையும் விலையுயர்வையும் அவை பிரித்து வைக்கவே இல்லை என்பது விளங்கும். நகை என்ற சொல்லுக்கே முதலில் சிரிப்பு, ஒளி என்பனதாம் பொருள். சங்கப் பாடல்களில் அணிகலனுக்கு அணி, இழை, பூண், கலன் என்று சொற்கள் உண்டு. மின்னுவது என்ற பொருளில் நகை அந்த இடத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. எந்த உலோகம் என்று அது கேட்கவில்லை. காதில் போடும் தோடும் ஓலையும் அந்தப் பெயர்களைப் பனையிலிருந்து பெற்றவை. காதுத் துளையில் பனையோலைச் சுருளைச் செருகியிருந்த காலத்துப் பெயர், அதே இடத்தில் பொன் வந்து உட்கார்ந்த பிறகும் நிலைத்துவிட்டது. வளை என்றால் சங்கப் பாடல்களில் பெரும்பாலும் கடற்சங்கை அரத்தால் அறுத்துச் செய்த வளையல். கடலோர ஊர்களில் மலைபோல் கிடந்த பொருள் அது, ஆனால் தலைவியின் கையில் இருந்து அது நெகிழ்வதுதான் பாட்டுக்கே பொருளாகிறது. பொன் என்ற சொல்கூடத் தங்கத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஐம்பொன், வெண்பொன், கரும்பொன் என்ற தொடர்களில் அது உலோகம் என்ற பொதுப்பொருளில் நிற்கிறது. விலையை வைத்து அணிகலனைப் பிரித்துப் பேசும் சொல் தேவைப்பட்டிருந்தால் அந்த மொழி ஒன்றை உண்டாக்கியிருக்கும்.

மணி என்ற சொல்லிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது கடல் தாண்டி இந்த நாட்டுக்கே வந்திருக்கிறது. அது முதலில் வடமொழியா தென்மொழியா என்ற வழக்கை அறிஞர்களிடம் விட்டுவிடலாம். தமிழில் நவமணியும் மணிதான், நரிக்குறவர் கோத்து விற்கும் பாசிமணியும் மணிதான். அரசன் முடியிலுள்ள நீலத்துக்கும் குழந்தையின் அரைஞாணில் கட்டும் கண்ணாடித் துண்டுக்கும் ஒரே பெயர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடியை உருக்கி, நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, விளிம்பைச் சூட்டில் மழுக்கி, கடுகளவும் மிளகளவுமாக மணிகள் செய்தார்கள். பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் இவ்வகைக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். அந்தத் தொழில்நுட்பம் கடல் வழியே பரவி, கெடாவில் சுங்கை மாஸிலும் பேராக்கில் கோல சிலின்சிங்கிலும் மணிப்பட்டறைகள் நடந்ததற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உற்பத்தி செய்யும் இடத்தில் அவை மிக மலிவானவை, ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கில் நறுக்கி எடுக்கலாம். ஆனால் கிழக்கே தீமோரிலும் அதையொட்டிய தீவுகளிலும் இதே வகையைச் சேர்ந்த செம்பழுப்பு மணிகள் முத்திசாலா என்ற பெயரில் தலைமுறைச் சொத்தாகி, பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசத்தில் எண்ணி வாங்கப்பட்டன. முத்திசாலா என்றால் பொய் முத்து என்று பொருள் சொல்வார்கள். பெயரிலேயே பொய் என்று இருந்தும் மதிப்பு குறையவில்லை. ஏனென்றால் கல்யாணப் பேச்சில் அது செல்லுபடியாயிற்று. மலாய் மொழி இன்னொரு வேடிக்கை செய்திருக்கிறது. இங்கே மானிக் என்றால் கோத்துத் தைக்கும் சாதாரணப் பாசிமணி; மானிக்கம் என்றால் விலையுயர்ந்த இரத்தினம். நாம் ஒன்றாக வைத்திருந்த குடும்பத்தை அந்த மொழி விலைப்படி இரண்டு வீட்டில் குடிவைத்துவிட்டது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: தமிழர்கள் தங்கத்தையும் போலியையும் பிரித்தறியாமலா இருந்தார்கள்? உரைகல்லும் மாற்றும் நம்முடையவை அல்லவா? சிலப்பதிகாரம் மதுரைப் பொற்கடைத் தெருவில் நால்வகைப் பொன்னைப் பெயர் சொல்லி அடுக்குகிறதே, காக்காய்ப்பொன் என்று பளபளக்கும் பயனற்றதற்கு ஒரு சொல்லும் இருக்கிறதே? நியாயமான கேள்வி, இதற்கு வலுச்சேர்க்க மலாயிலிருந்தே ஒரு சான்றும் உண்டு. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் தரம் என்பதற்கு மூத்து என்பார்கள், தரமானது பெர்மூத்து. பொன்னின் தூய்மையைக் குறித்த சொல் அது. பத்து மூத்துத் தங்கம் என்றால் மாசற்ற தங்கம். தமிழின் மாற்று என்ற சொல்தான் வணிகர் வாயில் மாத்தாகி அங்கே மூத்தானது என்று கருதப்படுகிறது. ஒரு நாட்டின் தரம் என்ற கருத்துக்கே நம் உரைகல் பெயர் கொடுத்திருக்கிறது என்றால், தரம் பார்ப்பதில் நாம் எவ்வளவு கெட்டி! ஆனாலும் இந்தச் சான்றுகள் என் வாதத்தை அசைக்கவில்லை. மாற்று என்பது வணிகன் பொன்னுக்கும் பொன்னுக்கும் நடுவே பார்த்த வேறுபாடு. காக்காய்ப்பொன் என்பது மைக்காவுக்கும் மினுக்குத் தகட்டுக்குமான பெயர். ஒருத்தி கழுத்தில் போட்டிருப்பதைச் சுட்டி அவளை எடைபோட அது வழங்கவில்லை. உரைகல் கடைக்குள் இருந்தது. அது கல்யாண வீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் வந்து, அணிந்திருப்பவளின் நிலையை உரசிப் பார்க்கத் தொடங்கியதைத்தான் நான் கேட்கிறேன்.

அது நடந்ததற்கு இந்த வட்டாரத்தில் கணக்குப் போட்டே காரணம் காட்டலாம். தங்கத்தை நாம் அளக்கும் பவுனும் சவரனும் ஆங்கில நாணயத்தின் பெயர்கள். 22 காரட்டில் அடித்த அந்தக் காசின் எடை 7.988 கிராம், அதனால்தான் இன்றும் ஒரு பவுன் என்றால் 8 கிராம். 22ஐ 24ஆல் வகுத்து ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் வரும் 916தான் இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடைப்பலகைகளில் எழுதியிருக்கும் நைன் ஒன் சிக்ஸ். மறுபக்கம், மலேசியத் தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்கிறோம். பழைய வெள்ளி டாலர் போய் எத்தனையோ காலமாகியும் பெயர் போகவில்லை. காசு உலோகத்தின் பெயரையும், உலோகம் காசின் பெயரையும் இப்படி மாற்றிக் கட்டிக்கொண்ட ஊரில் நகை வெறும் அலங்காரமாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. 1906இல் இங்கே புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ், என்று நிலைநிறுத்தப்பட்டது. ஒரு பவுன் 240 பென்ஸ். 28ஆல் வகுத்தால் 8 டாலர் 57 காசு. 1920களின் பிற்பகுதியில் சிலாங்கூர் கரையோரத் தோட்டங்கள் போன்ற இடங்களில் தென்னிந்தியத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதாவது பால்மரம் வெட்டிய ஒரு பெண், சோறு தண்ணீர் இல்லாமல் முழுக்கூலியையும் எடுத்து வைத்தால், 21 நாள் கழித்து அரைநாளும் வேலை செய்து ஒரு பவுன் வாங்கலாம், அதுவும் கூலி சேதாரம் நீங்கலாக. 1930இல் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டு வாங்கியது எதற்காக என்பதுதான் கேள்வி. தோட்டத்து லயத்தில் பூட்டு வைத்த பெட்டிக்கு மேல் பாதுகாப்பு கிடையாது. நிலம் கிடையாது, வீடு துரையுடையது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தியது தோட்டம், கடை, நிலம் வைத்திருந்தவர்களோடு. கூலிக்காரிக்கு அங்கே படியேற வேலையில்லை. அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு ஊரில் சீனர் நடத்திய அடகுக் கடை. மலாயில் பாஜாக் காடாய் என்று பலகை மாட்டியிருக்கும் இந்தக் கடைகள், மலாய் மாநிலங்களில் அபினி, சூதாட்டம் போல அரசு குத்தகைக்கு விட்ட உரிமங்களில் ஒன்றாகத் தொடங்கியவை. உயர்ந்த மேடைக்குப் பின்னால் இருப்பவர் சங்கிலியின் அழகைப் பார்க்கமாட்டார். கல்லில் ஓர் இழுப்பு, மேலே ஒரு சொட்டு அமிலம், பிறகு தராசு. கோடு மறைந்தால் பொருள் திரும்பி வந்துவிடும், அவ்வளவுதான். குழந்தைக்குக் காய்ச்சல், ஊருக்குப் போகக் கப்பல் சீட்டு, மகள் சடங்கு என்று எதற்கு ஓடினாலும் அந்த ஓர் இழுப்பு முடிவு செய்தது. அந்த இடத்தில்தான் நகை என்ற ஒரே சொல் இரண்டாகப் பிளந்தது என்கிறேன்: மேடைக்கு அந்தப் பக்கம் போவது நகை, திரும்பி வருவது கவரிங். இன்றைய சட்டமும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காட்டு வட்டி, மீட்க ஆறு மாதத் தவணை. 1992இல் திரங்கானுவில் தொடங்கிய அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய அடகு முறை வட்டியை எடுத்துவிட்டது, உரைகல்லை எடுக்கவில்லை. (கவரிங் கடையிலும் ஆறு மாதம் கேரண்டி என்று சொல்லி விற்பதைக் கேட்கலாம், அது தற்செயல்தான், ஆனாலும் சிரிப்பு வருகிறது.)

ஜப்பானியர் காலம் இந்தப் பாடத்தை அடித்துச் சொல்லிக்கொடுத்தது. 1942இலிருந்து புழங்கிய வாழைமர நோட்டு, 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் ஒரே அறிவிப்பில் வெற்றுத்தாளாயிற்று. நோட்டாகச் சேர்த்தவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை, காதிலும் கழுத்திலும் வைத்திருந்தவரிடம் ஏதோ மிஞ்சியது. 1943இல் கோலாலம்பூரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்துக்கு நிதி கேட்டுப் பேசியபோது, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட இளம்பெண் தம் காதணியைக் கழற்றிக் கொடுத்ததை மலேசிய இந்தியர் வரலாறு மறக்கவில்லை. அந்தக் கூட்டங்களில் பெண்கள் கொடுத்த நகையெல்லாம் எடை போடப்பட்டு, துப்பாக்கியாகவும் அரிசியாகவும் மாறக்கூடியதாக இருந்ததால்தான் அது கொடையாயிற்று. கவரிங்கைக் கழற்றிக் கொடுத்திருந்தால் உணர்ச்சி அதேதான். கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. தங்கத்தின் மேல் நமக்குள்ள மதிப்பு வெறும் அடகு மதிப்பா? அது மங்கலப் பொருள், லட்சுமி; காலில் தங்கம் அணியக் கூடாது என்று வெள்ளிக் கொலுசுக்கு இறங்குகிறோமே, அது எந்த அடகுக் கடை சொல்லிக்கொடுத்தது? இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். தங்கத்துக்குப் புனிதம் உண்டு. ஆனால் மலிவுப்பொருளுக்குப் புனிதம் இல்லை என்று அதிலிருந்து வராது. நம் சடங்குகளில் மிக இறுக்கமாகப் பிடிப்பவை மிக மலிவானவை. தாலிக்கொடி வாங்க முடியாத வீட்டில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டினால் போதும், கல்யாணம் கல்யாணம்தான்; அதைக் கவரிங் தாலி என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் கட்டும் கருகமணி, பெயருக்கேற்பக் கருப்புப் பாசி. வளைகாப்புக்கு எவ்வளவு வசதி இருந்தாலும் கண்ணாடி வளையல்தான் அடுக்க வேண்டும், தங்கக் காப்பு அதற்கு ஈடாகாது. வளையல்காரர் மலாரமாகக் கொண்டுவந்து அடுக்கியது போய், இன்று கிள்ளான் கடையில் டூ-ஃபோர், டூ-சிக்ஸ் என்று அட்டைப்பெட்டியில் வாங்குகிறார்கள். இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நான்கோ ஆறோ என்பதுதான் அந்தக் கணக்கு. எடை பார்க்காமல் கையை மட்டும் அளக்கும் அளவு அது. இவையெல்லாம் விலை குறைந்தவை, ஆனால் எதற்கும் இளக்காரம் ஒட்டவில்லை. ஏனென்றால் இவை தங்கத்தின் வேலையைச் செய்வதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. கவரிங்கிடம் மட்டும் தங்கத்தின் வேலையை எதிர்பார்க்கிறோம், அது பாதி வேலையைச் செய்கிறது. மின்னுகிறது, மீட்டுத் தரமாட்டேன் என்கிறது.

இதை உரசிப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அங்கே 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோயில், டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், தலைமுறை தலைமுறையாகப் பரதநாட்டியம் கற்பிக்கிறது. அரங்கேற்றத்துக்குப் பெண் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை சந்திரப்பிரபை, மாட்டல், ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் பெரும்பாலும் சிவப்புக் கெம்புக்கல் பதித்துப் பொன்பூசியவை. நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்கள் வெள்ளியின் மேல் பொன் ரேக்கு ஒட்டிச் செய்யும் கோயில் நகைகளைப் பார்த்து, அதைவிட மலிவாகச் செய்தவை பல. தொழில்முறைப்படி இவை அத்தனையும் கவரிங். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டான்ஸ் செட் என்பார்கள், டெம்பிள் ஜுவல்லரி என்பார்கள். அதே ஒட்டியாணத்தை அதே பெண் சித்தி மகள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனால், அது கவரிங்கா என்று ஓரமாக யாராவது கேட்டுவிடுவார்கள். மேடையில் நகை சொத்துக் கணக்குக்குள் வராது, கல்யாண மண்டபத்தில் வரும். செம்பும் பூச்சும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இந்தச் சொல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்ததுதானே, இளக்காரமும் கூடவே வந்திருக்கும், இதில் மலாயாவுக்கு என்ன தனிப்பங்கு என்று மூன்றாவதாகக் கேட்கலாம். சொல் அங்கிருந்துதான் வந்தது, அங்கேயும் சேட்டு கடை என்ற அடகுக் கடை இதே கோட்டைத்தான் போட்டது. ஆனால் அங்கே இன்னொரு விசை குறுக்கே வந்தது. 1963 ஜனவரியில் இந்திய அரசு தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக் கூடாது என்றது. 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகி 1990 வரை நீடித்தது. பத்தர்கள் பிழைப்பிழந்தார்கள். நல்ல தங்கம் சட்டத்தால் எட்டாத இடத்துக்குப் போனபோது பொன்பூச்சுக்கு ஒரு நியாயம் பிறந்தது. எல்லோரும் கவரிங் போடும் காலம் என்று சொல்லிக்கொள்ளலாம். மலேசியாவில் அப்படிச் சட்டத்தின் மேல் பழிபோட வழியில்லை. இங்கே தங்கம் எந்தக் கடையிலும் கிடைத்தது. அணியவில்லை என்றால் காரணம் ஒன்றே ஒன்று, கையில் இல்லை. விடுப்பில் ஊருக்குப் போனவர்கள் தங்கத்தை அணிந்துகொண்டு போனார்கள், திரும்பும்போது பெட்டியில் கவரிங் வந்தது. மலாயாக்காரி என்றால் ஊர் எதிர்பார்த்ததே கழுத்து நிறையத் தங்கத்தைத்தான். அந்த எதிர்பார்ப்புக்குக் கட்டுப்பட்டவளுக்குக் கவரிங் என்ற சொல் ஊரில் இருந்ததைவிடக் கூர்மையாகத்தான் பட்டிருக்கும். பிற இனத்தாரின் பேச்சோடு ஒப்பிட்டாலும் இது தெரியும். மலாய்க்காரர்கள் தோய்த்தெடுத்த தங்கம் என்ற பொருளில் எமாஸ் செலுப் என்பார்கள், அண்மைக்காலமாக எமாஸ் கொரியா என்று நாட்டுப் பெயரிட்டு வெளிப்படையாகவே விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அவர்களிலும் தங்க ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் நிலமும் கம்பத்து வீடும் கையில் இருந்த குடும்பத்துக்குக் கழுத்துச் சங்கிலி ஒன்றே பாஸ்புத்தகம் அன்று. 1960இல் மலேசிய இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரைப் பங்கு வாங்கவைத்தபோது, தங்கத்துக்கு வெளியே சேமிக்க ஒரு வாசல் திறந்தது. பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நகைக் கடைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

அடகு மதிப்புத்தான் இளக்காரத்துக்கு வேர் என்றால், அந்த மதிப்பும் அணியும் பழக்கமும் பிரியும்போது இளக்காரம் தளர வேண்டும். அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதே ஆண்டில் 8 கிராம் 916 தங்கத்தின் விலை 3,000 வெள்ளியைத் தாண்டியது. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 46 நாள் சம்பளம். பால்மரத்துப் பெண்ணின் 21 நாளைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! (சம்பளத்தில் சோற்றுக்குப் போகும் பங்கு அன்று இன்றைவிடப் பெரிது என்பதால் அவள் நிலைமை மேல் என்று சொல்லவில்லை.) இதோடு கிள்ளான் பள்ளத்தாக்கின் மோட்டார்சைக்கிள் வழிப்பறியும் சேர்ந்தது. கழுத்தில் கிடந்த சங்கிலி வங்கிப் பெட்டகத்துக்குப் போயிற்று, அந்த இடத்துக்குக் கவரிங் வந்தது. பறிக்கிறவன் கையில் உரைகல் இருப்பதில்லை என்பதால் இது கழுத்தைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. தங்கம் மட்டும் தப்பும். ஆனால் தங்கம் பெட்டகத்தில் பத்திரமாக இருப்பதும் பத்தும் இருபதும் கொடுத்து வாங்கியதை வெளியே அணிவதும் வழக்கமாகிவிட்டால், கவரிங் போட்டிருப்பவளிடம் தங்கம் இல்லை என்று யாரும் முடிவுகட்ட முடியாது. உரசிப் பார்க்கும் கண்ணுக்கு இனி வேலை குறைவு. கடைக்காரர்களும் இதை உணர்ந்துதானோ என்னவோ, ஒன் கிராம் கோல்டு என்ற பெயரைப் பிடித்திருக்கிறார்கள். எடையே எழுதாத கடையில் எடையைப் பெயராக வைத்திருப்பது விற்பனைத் தந்திரம்தான். ஆனால் எந்த அடகுக் கடை மேடையில் தோற்றுத் திரும்பி வந்ததோ அந்த மேடையின் பாஷையிலேயே அது பேசிப் பார்க்கிறது. பத்துமலைத் தைப்பூசக் கடைகளில் பாசிமாலையும் கண்ணாடி வளையலும் வாங்குகிறவர்கள் இந்தப் பாஷையைக் கேட்பதே இல்லை, அவற்றுக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. தாலிக்கொடி மட்டும் இன்னும் பேரத்துக்கு வராமல் நிற்கிறது: வெளியே போகும்போது கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றுக்குத் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள், பொன்பூசிய சங்கிலியில் தங்கத் தாலியைக் கோத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், தாலியையே கவரிங்கில் வாங்குவதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு அதோடு நின்றுவிடும்.